அண்ணன் சட்டையில தைச்ச கட்டம்

இது சத்தியமா நடந்த கதைங்க. அங்கங்க கொஞ்சம் ஊதிவிட்டிருக்கேன், மறைக்கல. ஆனா கத்திரி அழுத இடத்துல ஒரு மூச்சுகூட ஊதல.

கத்திரிங்கறது எங்க ஊர்ல முடிவெட்டுறவனோட பட்டப்பேரு. மொட்டைத்தலையன் வந்து உக்காந்தாலும் அரைமணி நேரம் வெட்டுவான், அவ்வளவு பேச்சு. அவன் அண்ணனுக்கு ஞாபகம் போயிடுச்சு. வீடு, தெரு, தன் பேரு எதுவும் நிக்கல. கதவு தொறந்திருந்தா போதும், கிளம்பிடுவாரு.

சட்டையில போன் நம்பரைத் தைச்சுவிடுன்னா கத்திரி பொண்டாட்டி. நம்பர் மாறும், வெப்சைட்டு மாறாதுன்னான் கம்ப்யூட்டர் கடைக்காரன். கத்திரி கடைக்காரன் பேச்சைத்தான் கேட்டான். அண்ணன் படம், விலாசம், நம்பர் எல்லாம் போட்டு ஒரு பக்கம் செஞ்சாங்க. போனைக் காட்டினா பக்கம் தொறக்கற அந்த கியூஆர் கட்டத்தைத் துணியில அடிச்சு, எல்லாச் சட்டையிலயும் கத்திரியே தைச்சான்.

பக்கம் இருந்தது வாடகை சர்வர்ல. அது ஒண்டுக்குடித்தனம் மாதிரி. மிஷின் ஒண்ணு, குடித்தனம் ஏகப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரன் குழாயை முழுசாத் தொறந்தா நம்ம குழாய் சொட்டும். ஒருத்தன் பூட்டாம விட்டா திருடன் எல்லா வீட்லயும் கை வைப்பான். கடைக்காரன் இதையெல்லாம் சொல்லல. மலிவாச்சேன்னு கத்திரியும் கேக்கல.

அதே மிஷின்ல ஒரு செருப்புக் கடையோட வெப்சைட்டும் குடியிருந்துச்சு. ஒருநாள் பாதி விலைன்னு அறிவிச்சுட்டான். காலு உள்ளவன் பூரா அதுக்குள்ள பூந்துட்டான், பாம்புகூட ஒரு ஜோடி பாத்துச்சாம். அன்னைக்குன்னு பாத்து அண்ணன் நழுவி ஏதோ ஒரு பஸ்ல ஏறிட்டாரு.

பஸ்ஸு கடைசி நிறுத்தம் வந்தும் அவரு இறங்கல. கண்டக்டரம்மா கட்டத்தைப் பாத்து போனைக் காட்டினாங்க. வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. பஸ்ஸு கிளம்பற நேரம் வந்துருச்சு.

"பெரியவரே, இந்த பெஞ்சுலயே இருங்க, திரும்பி வர்றேன்."

அவங்க திரும்பி வந்தப்ப பக்கம் தொறந்துச்சு. பெஞ்சுல ஆளில்ல.

மறுநாள் கால்வாய்ல கிடைச்சாரு. அண்ணனுக்குக் கடைசி சவரத்தைக் கத்திரிதான் பண்ணினான். முகத்துல நுரையத் தடவிட்டு, அது காயறவரைக்கும் அழுதானே தவிர கத்தியை எடுக்கல.

"அண்ணே, அவ சொன்னபடி நம்பரைத் தைச்சிருக்கலாம்ணே."

அதோட சரி. இப்பல்லாம் அவன் கடையில கத்திரிச் சத்தம் மட்டும்தான் கேக்குது.

டீக்கடையில நான் இதைச் சொல்லி வாயை மூடல, கேட்டவங்களுக்குள்ள பத்திக்கிச்சு. கடைக்காரனைத்தான் உதைக்கணும்னாரு லாரி டிரைவர். பஸ்ஸை நிறுத்தி வச்சிருக்கணும், அந்தம்மா மேலதான் தப்புன்னாரு பால்காரர்.

"ஏன்யா, அத்தனை பேரை ஏத்திக்கிட்டு நீ நிறுத்துவியா?"ன்னாரு டிரைவர்.

"எங்கண்ணனா இருந்தா நிறுத்துவேன்யா."

"அது அந்தம்மாவோட அண்ணனாய்யா?"

பால்காரர் எந்திரிச்ச வேகத்துல நாற்காலி கவுந்துச்சு. நான் நடுவுல நுழையறதுக்குள்ள டிரைவர் சட்டையில ரெண்டு பொத்தான் தெறிச்சிருச்சு.