நைட்ரோவை விற்று வாங்கிய மஞ்சள்

என் சித்தப்பாவிடம் ஒரே கார் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, கணபதி ஏரியாவில் எங்கள் லேத்துப் பட்டறைக்கு முன்னால் நின்ற பழைய கார். இன்னொன்று, கம்ப்யூட்டரில் அவர் விளையாடிய தெரு ரேஸ் கேமுக்குள். கேமில் கறுப்பு அடித்துப் பார்ப்பார். பிடித்துவிட்டால் வாசலில் நிற்கும் காருக்கும் கறுப்பு. சைலன்சர், ஸ்பாய்லர், அகல டயர் எல்லாமே அப்படித்தான். இந்த அக்கறையை லேத்தில் காட்டினால் உருப்படலாம் என்பார் அப்பா.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், ஆயுத பூஜை. லேத்து, டிரில்லிங் மெஷின், வாசல் கார், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கேமுக்குள் இருந்த காருக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரேஸ் என்று சித்தப்பா போனில் பேசியதை நான் கேட்டிருந்தேன். பொட்டு இல்லாமல் போய் அடிபட்டால்?

பூஜை போட்ட மெஷினை அன்று தொடக் கூடாது. கீழே மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் மாடியில் கம்ப்யூட்டரைப் போட்டேன். மஞ்சள் பெயின்ட் வாங்க கேமில் காசு போதவில்லை. காரைக் கண்மண் தெரியாமல் பறக்கவைக்கும் நைட்ரோவை விற்றேன். பானெட் முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு வட்டம். கேம் அதைத் தானாகவே சேமித்துக்கொண்டது. பழையபடி மாற்ற எனக்குத் தெரியவில்லை. அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

சித்தப்பா கையில் கார் சாவியோடு நின்றார்.

"என்ன பண்ணிப்போட்டே அம்மணி?"

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாங்க, இதுக்கு வெக்கலீங்க சித்தப்பா. ரேஸ்ல நீங்க அடிபட்டுப்போட்டீங்கன்னா..." அழுகை வந்துவிட்டது. "அதான் நைட்ரோவ வித்துப்போட்டேனுங்க."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் முறைதான் எடுத்தார்.

"நான் வரலைடா. நீங்களும் பைபாஸுக்குப் போகாதீங்க. சொன்னாக் கேளுங்க."

கீழே போய்ச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா பொரித் தட்டை நீட்டினார்.

நைட்ரோ இல்லாததால்தான் சித்தப்பா ரேஸுக்குப் போகவில்லை என்று நினைத்து நான் குமைந்தேன். பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து ஒரு வாரம் ஓட்டி, காசு சேர்த்து, அதைத் திரும்ப வாங்கியும்விட்டேன். வாசலுக்கு ஓடினேன். அவர் காரிலிருந்து ஸ்பாய்லரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நைட்ரோ வாங்கிப்போட்டேனுங்க. இப்ப ரேஸுக்குப் போலாங்க சித்தப்பா!"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேண்டாங் கண்ணு. அதையும் வித்துப்போடு."

அத்தனை பாடுபட்டு வாங்கியதை எதற்கு விற்கச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.