மாமனுக்கு ஆகாத பல்

என் மகனுக்கு முதல் பிறந்த நாள் நெருங்கிவிட்டது, வாயில் ஒரு பல்கூட இல்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு இது பொது விஷயம். தண்ணீர் பிடிக்கப் போனாலும் கேள்வி, பஸ்ஸுக்கு நின்றாலும் கேள்வி. "இன்னாமா, புள்ளைக்குப் பல்லு வந்துச்சா?" எதிர்வீட்டில் என் மகனுக்குப் பிறகு பிறந்தது ஒன்று இருக்கிறது. அது வாசலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துத் தின்னும். அதன் அம்மா வேண்டுமென்றே அதை எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார வைக்கிறாள் என்று அப்போது நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும், இன்னும் கொஞ்ச மாசம் பார்ப்போம்" என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும் திரும்பப் போய்விட்டேன். தாய்ப்பால் பற்றாததால்தான் பல் வரவில்லை என்று தெருவில் யாரோ சொன்னது என் காதுக்கு வந்தது. சொன்ன வாயை நான்கு திட்டு திட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர், "பல்லு வரட்டும், அப்புறம் உன்னக் கடிக்கிறான்னு அழுவ" என்று கேலி செய்வார். அந்த மனுஷனுக்கு எல்லாமே கேலிதான்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நான் அழுவதைப் பார்த்தால் தலையைத் தடவிக் கொடுத்து, "வந்துடும்டி, உனுக்கும் லேட்டாத்தான் வந்துச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் பஸ் ஏறுவேன்.

இன்னொரு ஆறுதல் என் அண்ணன். என்கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ஹார்பருக்குள் போகிற வண்டிகள் எங்கள் தெருமுனையைத் தாண்டி வரிசை கட்டி நிற்கும், சில நாள் சாயங்காலம் வரைக்கும் நகராது. பின்வண்டிக்காரனிடம், "ஒரு கண்ணு வச்சுக்க மாமு" என்று சொல்லிவிட்டு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடப்பான். பல்லைப் பற்றி அவன் ஒருவன்தான் கேட்கவே மாட்டான்.

எங்கள் பக்கம், முதல் பல் தெரிந்ததும் பல்லுக் கொழுக்கட்டை செய்வார்கள். பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டையோடு பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயையும் சேர்த்துத் தலைமேல் கொட்டுவார்கள். கொட்ட வேண்டியவன் தாய்மாமன். "சொல்லு, லீவு போட்டுட்டு வந்து கொட்றேன்" என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தான்.

திடீரென்று அவன் வருவது நின்றது. போன் செய்தால் லோடு என்பான், எண்ணூர் பக்கம் ஓட்டுகிறேன் என்பான். வீடியோவில் பிள்ளையைக் காட்டினால் "அப்பால கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவான். அம்மாவிடம் கேட்டேன். "பாவம், ஓயாத ஓட்டம் அவனுக்கு" என்றாள். அதே சமயத்தில்தான் அம்மா என்னைப் பிள்ளையின் வாயில் கை வைக்க விடாமல் செய்தாள். "சும்மா சும்மா நோண்டாத, ஈறு புண்ணாயிடும்." சரிதானே என்று கையை எடுத்துக்கொண்டேன். பெற்ற தாயைச் சந்தேகப்படவா முடியும்?

ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் எங்கள் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே லாரி வரிசை. அதில் அண்ணன் வண்டி. அவன் ஸ்டியரிங்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கே சரியில்லை.

"வூட்டாண்டயே நின்னுகினு கீற, எகிறிக் குதிச்சா தெரு. வர மாட்டியா?" என்றேன்.

"லைன் நவுந்துடும்மா."

"பொய் சொல்லாத. புள்ள உன்னக் காணாம வாசலயே பாக்குது. நானே பல்லு வரலன்னு பேஜாராகி நிக்கிறேன், நீயும்..."

அவன் என்னையே பார்த்தான். "அம்மா உன்னாண்ட சொல்லலியா?"

"இன்னா?"

"மேல்பல்லு வருதாமே."

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நானும் கேட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மேல் ஈறில் அம்மாவின் விரலுக்குக் கூர் தட்டியிருக்கிறது. அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போயிருக்கிறது. கீழ்ப்பல் வரும்வரை பிள்ளை முகத்தில் முழிக்காதே, நான் சொல்லும்போது வா என்று.

"எனுக்கு அதுல நம்பிக்க இல்லமா," என்றான் அண்ணன், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "ஆனா நா ஓட்டறது இந்த வண்டி. அண்ணியும் முழுகாம கீறா. அதான்..."

அண்ணி முழுகாமல் இருப்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதையும் எனக்குச் சொல்லவில்லை. முன்னால் வண்டி நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுத்தான். என் பிள்ளை அவனை என்ன செய்துவிடும் என்று கத்திக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்பதற்குள் வண்டி தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாக விடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையின் மேல் ஈறைத் தொட்டேன். இருந்தது. அரிசி முனை மாதிரி, சின்னதாக. எந்தப் பல்லுக்காக டாக்டரிடம் ஓடினேனோ, எதிர்வீட்டு வாசலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனேனோ, அந்தப் பல். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பெற்றவளைத் தவிர.

அம்மா அடுப்படியில் இருந்தாள். "நா அழும்போதெல்லாம் பக்கத்துல உக்காந்து தலையத் தடவினியே," என்றேன். "அப்பவே தெரியுமா உனுக்கு?"

அவள் மறுக்கவில்லை. அடுப்பைச் சிறிதாக்கினாள். "சொன்னா நீ சும்மா இருப்பியா? அதெல்லாம் இல்லன்னு அவன இட்டாந்து முன்னால நிக்க வெப்ப. எனுக்கு இருக்கறது ஒரே ஆம்பளப் புள்ளடி."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முன்வரிசையில் உட்காருகிறவள் என் அம்மா. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சாமியார் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவரு இன்னா லாரியா ஓட்றாரு?" என்றாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அம்மா மகனுக்காகப் பயந்தாள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை அவள் என் பிள்ளையின் மேல் வைத்தாள். அவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தாலாட்டிய அதே கைகள்தான் அவனிடமிருந்து இன்னொருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

கீழ்ப்பல் வரவில்லை. மேலே இரண்டும் வெளியே வந்துவிட்டன, இனி மறைக்க வழியில்லை. அம்மாவே ஒரு பரிகாரம் சொன்னாள். தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட்டால் போதுமாம். அதற்கப்புறம் கொழுக்கட்டை கொட்டலாமாம். நான் மாட்டேன் என்றேன். "உனக்கு அண்ணன் வேணுமா வேணாமா, அத மட்டும் யோசி" என்றார் கணவர், முதல் முறையாகக் கேலி இல்லாமல். ஒத்துக்கொண்டேன்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வாசலிலிருந்தே தலையைக் குனிந்துகொண்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். நான் எதிரே பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு மாமனைக் கண்டதும் ஒரே கும்மாளம். இரண்டு கையையும் நீட்டி, புதுப் பல் இரண்டும் தெரியச் சிரித்து, ஆ ஊ என்று கூப்பிட்டான். அண்ணன் நிமிரவில்லை. எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை சிரித்துச் சிரித்து, கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது.

"போதும், பாத்துட்டான்" என்றாள் அம்மா. அண்ணன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "வாடா நைனா" என்று கையை நீட்டினான். பிள்ளை உடனே அவனிடம் தாவியது.

என் கை விடவில்லை. விட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, கை விடவில்லை. பிள்ளை மாமனிடம் போக வேண்டும் என்று அழத் தொடங்கியது.

"குடேன்டி, அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே" என்றாள் அம்மா. அவளுக்கு முடிந்துவிட்டது.