மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

எங்கள் லாரியின் ரேடியேட்டர் ஒழுகலை நான் மஞ்சள்தூள் போட்டே அடைத்தேன் என்று பதின்மூன்று வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஊர் லோவுவில் அந்தக் கதையை என் வாயால் கேட்காத வீடு கிடையாது.

ஒழுகியது உண்மை. கரும்பு ஏற்றிக்கொண்டு லவுட்டோகா சர்க்கரை ஆலைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மஞ்சள் போட்டால் அடைபடும் என்று யாரோ சொன்னார்கள். தீமிதிக்குத் துணி நனைக்க இடித்து வைத்திருந்த மஞ்சளில் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக் கொட்டினேன். ஒரு கரண்டி போதும் என்று அந்த மகராசன் சொல்லியிருக்கலாம். ஒழுகல் நின்றது. உள்ளே தண்ணீர் ஓடுவதும் நின்றது. மறுநாள் எஞ்சின் கொதித்து, மூடியைத் திறந்த என் கணவரின் சட்டை மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய்வந்தது போல ஆனது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அண்ணன் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, பருப்பு மட்டும் போட்டிருந்தால் சாம்பாராகியிருக்கும் என்றார். அவரிடமும் அதே லாரிதான். இரண்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை. அந்த ரகத்தைச் செய்வதையே பிறகு நிறுத்திவிட்டார்கள். என் கணவருக்கு லாரி ஓட்டத் தெரியும், தண்ணீர் ஊற்றத் தெரியும். அதற்கு மேல் எதுவானாலும் அண்ணன்தான். அவர் முடிந்தவரை கழுவிக் கொடுத்தார். ஒழுகல் மறுபடி தொடங்கியது.

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் முதல்முறை ஆட்சியைப் பிடித்த வருடம் அது. நம்மவர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பியதில் தெருவுக்கு இரண்டு வீடு காலியானது. அண்ணனும் சிட்னிக்குப் போவதாகச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் எண்ணெய் மாற்றித் தருகிறேன் என்று எங்கள் லாரியைத் தன் கொட்டகைக்கு ஓட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்: "ஒன் மஞ்ச இப்பதான் பிடிச்சிருக்கு, பாப்பா. இனிமே ஒழுவாது."

அந்தக் கோபத்திலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தன் லாரியைக் கொட்டகையில் விட்டு, தார்ப்பாய் போர்த்தி, சாவியை என்னிடம் கொடுத்தார். "பானட்ட மட்டும் யாரும் தெறக்க வேணாம். நான் வந்து தெறக்கறேன்" என்றார். வழியனுப்ப நான் நாண்டி விமான நிலையத்துக்குப் போகவில்லை. அவ்வளவு வீம்பு. ஆனால் 'நான் வந்து' என்று சொன்னாரே, அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் மஞ்சள் இன்னும் நிற்கிறது என்பேன். அவர் சிரிப்பார். ஆயுத பூஜைக்கு அந்தத் தார்ப்பாயின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பழைய லாரிக்குச் சாமான் கிடைக்காதா என்று அலைகிறவர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். அண்ணன் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்று விரட்டிவிடுவேன்.

பதின்மூன்று வருடம் கழித்து, மறுபடி கலகம் நடந்த வருடம், அறுவடை மும்முரத்தில், எங்கள் ரேடியேட்டரின் அடித்தொட்டி பிளந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தது அரைநாள்கூடத் தாங்கவில்லை. என் கணவர் எங்கள் தீவிலேயே இருக்கும் பினாங்கு சர்க்கரை ஆலைப் பக்கமுள்ள பழைய இரும்புக் குவியலையெல்லாம் கிளறிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பக்கத்துத் தீவில், ட்ரெகேட்டியில் நெல் ஏற்றும் லாரி ஒன்று அதே ரகம் என்று கேள்விப்பட்டு ஆள் விட்டோம். அதைப் போன வருடமே உடைத்துவிட்டார்களாம். வெட்டிப்போட்ட கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் அண்ணனின் கொட்டகையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த பானட்டைத் திறந்தால் அண்ணன் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் பயம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு நானே போனேன். தார்ப்பாயை இழுத்துப் போட்டு, துருப்பிடித்த பானட்டை என் கணவரும் நானுமாகத் தூக்கினோம்.

ரேடியேட்டர் மூடியின் விளிம்பு மஞ்சளாக இருந்தது. மூடியைத் திருகினேன். உள்ளே காய்ந்து கட்டிதட்டிய மஞ்சள், என் மஞ்சள், விரலால் சுரண்டினால் மணம்கூட வந்தது.

 அண்ணன் தன் லாரியிலிருந்த நல்ல ரேடியேட்டரைக் கழற்றி எங்களுக்கு மாட்டிவிட்டு, நான் பாழாக்கியதைத் தனதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து ஓட்டப்போகிற மனுஷன் அப்படிச் செய்யமாட்டார். நான் கோபித்துக்கொண்டு நின்ற அந்த வாரமே அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

லவுட்டோகாவில் ரேடியேட்டர் வேலை செய்பவர் அந்த மஞ்சள் ரேடியேட்டரின் நல்ல அடித்தொட்டியை எடுத்து எங்களுடையதில் வைத்துப் பற்றவைத்தார். இரண்டும் ஒன்றாயின. கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே சிட்னிக்குக் கூப்பிட்டேன். என்னென்னவோ பேச நினைத்திருந்தேன். "அண்ணே, பானட்டத் தெறந்துட்டேன்" என்பது மட்டும்தான் வந்தது.

 அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "மஞ்ச இன்னும் இருக்கா, பாப்பா?"