நடக்கிற வேகத்துக்கு ஒரு பல்சக்கரம்

2005-ம் வருடம், கோடையின் தொடக்கம். மரக்காணம் உப்பளத்தில், உப்பைப் பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்ததால் எனக்கு நடை கிடையாது. அடியில் பேரிங் மாட்டிய ஒரு பலகை, அதன் மேல் நான், இரண்டு கையிலும் ரப்பர் செருப்பு. தரையைத் தள்ளித் தள்ளித்தான் போவேன். தெருவுக்கு அது போதும். தார் ரோட்டிலிருந்து கொட்டகைக்கு, உப்புப் பாத்திகளின் நடுவே போகும் நீளமான மண்கரையில் அது செல்லாது. உப்பு மண் பேரிங்குக்குள் புகுந்தால் பலகை கிறீச்சென்று நின்றுவிடும். அதனால் அண்ணன்தான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து இறக்குவார். சாயங்காலம் அவர் வரும்வரை, மற்ற பெண்கள் பேசிச் சிரித்தபடி கரையில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன் ஆரோவில்லில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அங்கே சக்கரப் பலகையில் நின்றபடி சறுக்கிப் போகும் பையன்களைப் பார்த்துவிட்டு வந்து ஒருநாள் சொன்னார்: "அவனுங்க நின்னுகினு போறானுங்க, நீ உக்காந்துகினு போற. அவ்ளோதான வித்தியாசம். உன் பலகைக்கு மோட்டார் வெச்சா என்ன?"

பட்டறையில் கழித்துப் போட்ட மின்சார சைக்கிளின் மோட்டார் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பழைய பைக் பேட்டரிகள், சின்ன ரப்பர் டயர்கள் எல்லாம் சேர்ந்தன. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் பெரும்பாடு. பெல்ட் போட்டார், உப்புத் தண்ணீர் பட்டதும் வழுக்கியது. பல்லோடு பல் கோத்துப் பார்த்தார், மண் சிக்கி அரைத்தது. கடைசியில் சைக்கிள் செயின்தான் சரிப்பட்டது. துரு பிடிக்கும், ஆனால் எண்ணெய் விட்டால் சொன்ன பேச்சு கேட்கும்.

அப்புறம் எங்களுக்குள் சண்டை. சக்கரத்தில் சின்னப் பல்சக்கரம் மாட்டினால் வேகம், பெரியதை மாட்டினால் இழுவை. அண்ணனுக்குப் பலகை ஜிவ்வென்று பறக்க வேண்டும்.

"நடக்கிறவங்க போற வேகம் போதும்ணா."

"அதுக்கு எதுக்கு மோட்டாரு?"

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அதுவரை என்னை யாராவது தூக்கிக்கொண்டு போனார்கள், இல்லை விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரோடு பேசிக்கொண்டே பக்கத்தில் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பழைய சைக்கிளின் பெடலோடு இருக்கும் பெரிய பல்சக்கரத்தை எடுத்து மாட்டினார். அதற்கு 'ஆமைப் பல்லு' என்று பெயரும் வைத்தார். ஆமையோ எருமையோ, நான் முதல்முறையாகப் பெண்களோடு சேர்ந்து வீட்டுக்குப் போனேன். அண்ணாந்து பேசிப் பேசிக் கழுத்து வலித்தது. அந்த வலிகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஒருவர் மட்டும் எங்களோடு சேரமாட்டார். சுனாமியில் வீட்டை இழந்து, மீனவர் குப்பத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த அக்கா அவர். என் பலகைச் சத்தம் கேட்டாலே ஒன்று முன்னால் போய்விடுவார், இல்லை பின்தங்கிவிடுவார். குனிந்து என் முகத்தைப் பார்த்ததே இல்லை. என்னைப் பார்க்க அருவருப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். நானும் அவரோடு பேசுவதில்லை.

ஒருநாள் மத்தியானம் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தோம். ரோட்டுப் பக்கமிருந்து ஒருவர் மொபெட்டில் வந்து, "கடல் ஏறுது, ஓடுங்க" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பறந்தார். அந்த மாதங்களில் இப்படி அடிக்கடி புரளி கிளம்பும். ஆனால் டிசம்பர் சுனாமியைப் பார்த்தவர்கள் யாரும் நின்று விசாரிக்கமாட்டார்கள். எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கால் இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

பலகையில் ஏறி சுவிட்சை அழுத்தினேன். ஆமைப் பல் தன் இஷ்டத்துக்கு ஊர்ந்தது. எனக்கு முன்னால் புடவைகள் சின்னதாகிக்கொண்டே போயின. நானே கேட்டு வாங்கிய வேகம் என்னைக் கொல்லப்போகிறது என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் முன்னால் ஓடிக்கொண்டிருந்த அந்த அக்கா நின்றார். திரும்பி என்னை நோக்கி வந்தார். பின்னாலிருந்து குனிந்து பலகையைத் தள்ளிப் பார்த்தார். தரையோடு தரையான பலகை, குனிந்தபடி ஓட முடியவில்லை. சக்கரம் கோணிப் பாத்திக்குள் சரியப் பார்த்தது. என்னைத் தூக்கவும் பார்த்தார், கனம் தாங்காமல் கால் வழுக்கியது. மூச்சு வாங்க நிமிர்ந்தவர், என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்.

"நீ போக்கா. உனக்குப் புள்ளைங்க இருக்குதுல்ல."

"இஸ்கூல்ல இருக்குதுங்க. அங்க மேடு."

"போக்கா, உன்னைக் கும்பிடறேன்."

கொஞ்ச தூரம் போனதும் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன தடவ ஓடினேன். எங்க அத்த கட்டில்ல கெடந்தாங்க. கை கால் வராது. என் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க. காதுல வுழுந்துது. திரும்பாம ஓடினேன்."

செயின் கரக் கரக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ ஓட்டு," என்றார். "நான் நடந்துதான் வருவேன்."

முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனோம். அவர் கை என் தோளில் இருந்தது. ஒருமுறைகூட அவர் காலை எட்டிப் போடவில்லை. ரோட்டின் மேட்டில் ஏறியபோது அங்கே கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. கடல் அதன் இடத்திலேயே இருந்தது, எல்லாம் புரளி என்றார்கள். அக்கா ரோட்டோரம் மண்ணிலேயே உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் முகமும் என் முகமும் நேருக்கு நேர் இருந்தன. என் கன்னத்தை ஒரு கையால் துடைத்துவிட்டு, அவர் அழுதார்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் ஆடிப்போய்விட்டார். மறுநாளே சின்னப் பல்சக்கரத்தை மாட்டினார். நான் மறுக்கவில்லை, பயம் இன்னும் விட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் சுவிட்சை அழுத்தியதும் பலகை பாய்ந்தது. பாதிக் கரையில் திரும்பிப் பார்த்தேன். வெகுதூரத்தில் அக்கா தூக்குவாளியோடு தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். 'நீ போ' என்று கையைக் காட்டினார். நான் சுவிட்சை அணைத்துவிட்டு அவர் வரும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆமைப் பல்லையே திரும்ப மாட்டச் சொன்னேன்.

"மறுபடியும் தண்ணி வந்தா?" என்றார் அண்ணன்.

"வந்தா, சின்னப் பல்லு வேகத்துல நான் மட்டும்தானண்ணா தப்பிப்பேன்."

அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அந்தப் பலகை துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. இப்போது என்னிடம் மூன்று சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது, நன்றாகவே பறக்கும். அந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும், அன்றைக்குத்தான் கடல் வரவில்லையே என்கிறார்கள். வருகிறது என்று நம்பிக்கொண்டுதான் அந்த அக்கா என் பக்கத்தில் நடந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், ரோட்டோரம் யாராவது தனியாக நடந்து போனால் என் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.