நான்கு பெயர், ஒரே கையெழுத்து

மாதுரி சர்க்கேல் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கொல்கத்தாவில் அறிவியல் புனைகதை படிக்கிறவர்களிடம் கேட்டால், "ஓ, ஹிமாத்ரி பாலித் உண்டாக்கின உலகத்தை வச்சு எழுதுவாங்களே, அந்தம்மாதானே?" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் இதை எழுதுகிறேன். நடுநிலைமையை எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம். வங்காள எழுத்தாளர்களின் கோழிக் கிறுக்கலை வங்காளிகளைவிட வேகமாக நான் படிப்பேன் என்று இந்தச் சந்தில் பேச்சு உண்டு. அப்படித்தான் மாதுரிதி எனக்குப் பழக்கம். பெயருக்குப் பின்னால் 'தி' என்றால் இங்கே அக்கா, 'தா' என்றால் அண்ணன். ஹிமாத்ரியையும் அப்போதெல்லாம் ஹிமாத்ரிதா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாதுரிதிக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். ஹூக்ளி ஆற்றில் இன்று எங்கே எத்தனை ஆழம், எத்தனை வண்டல், ஓதம் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. முப்பது வருஷம் அதே நாற்காலி. ஸ்ரீராம்பூரிலிருந்து ரயிலில் வந்து ரயிலில் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"எங்கடா நேரம்? இருநூறு வருஷம் கழிச்சு இருக்கிற ஊர்ல எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு" என்றார்.

அது கிண்டல் இல்லை. அந்த ஊருக்குப் பெயர் ஓதநகரம். கொல்கத்தாவேதான். ஹூக்ளி ஆறே மாடிப்படி ஏறி வந்து இரண்டு மாடிகளை விழுங்கிவிட்ட கொல்கத்தா. ஜனங்கள் மூன்றாம் மாடியிலிருந்து மேலே வாழ்கிறார்கள். ஆபீஸ் நேரம், கல்யாண முகூர்த்தம், சாவு எடுக்கிற நேரம் எல்லாமே ஓதத்தின் கணக்குதான். அந்த ஊருக்கு ஒரு வருஷத்து ஓத அட்டவணையே போட்டு வைத்திருந்தார். மூன்று பாகமாக எழுதத் திட்டம். பதினொரு வருஷமாக எழுதி, கிழித்து, எழுதிக்கொண்டிருந்தார்.

வங்காளத்தில் இந்த மாதிரிக் கதை என்றால் சிறுவர் பத்திரிகையில் போட்டுவிடுவார்கள். ஒரு விஞ்ஞானி மாமா, அவர் பின்னாலேயே ஓடும் மருமகன், ஒரு பறக்கும் தட்டு, முடிந்தது. மாதுரிதிக்கு அதில் ஆறாத கோபம். பெரியவர்கள் படிக்க வேண்டும், படித்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் அவர் கேட்ட ஒரே விருது.

ஹிமாத்ரி பாலித் அவருடைய இருபது வருஷ சிநேகிதன். வாயைத் திறந்தால் தேன். 'உல்காபத்' என்று ஒரு சிறுபத்திரிகையை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்றால், மாதுரிதி பிழை திருத்துவார், தபாலில் அனுப்புவார், வராத கதைக்குப் பதில் கதை எழுதுவார். ஹிமாத்ரி ஆசிரியராக இருப்பார். சனிக்கிழமை தோறும் ஹிமாத்ரி வீட்டில் பொரியும் கத்தரிக்காய் பஜ்ஜியுமாகக் கூட்டம். யார் என்ன எழுதிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு வாசித்துக் காட்டியே ஆக வேண்டும். இன்னும் முடிக்காததை நாலு பேர் நடுவில் வாசிப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஓதநகரத்தின் பாதி அந்த வீட்டில்தான் வாசிக்கப்பட்டது.

2014 துர்கா பூஜைக்கு முன்னால் நடந்தது இது. இங்கே பூஜை மலர் என்றால் நம் தீபாவளி மலர் மாதிரி பத்து மடங்கு. ஒரு மலரில் ஆறு முழு நாவல் இருக்கும். அதைவிட விசேஷம், முதலில் விளம்பரம் வந்துவிடும், அப்புறம்தான் எழுத்து. யார் யார் எழுதப்போகிறார்கள் என்று ஆடி மாதமே செய்தித்தாளில் பெயரோடு போட்டுவிடுவார்கள். பெயர் வந்த பிறகு எழுதாமல் இருப்பது கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு மாப்பிள்ளை ஓடிப்போவதற்குச் சமம்.

அந்த வருஷம் ஒரு பெரிய பத்திரிகை, அறிவியல் புனைகதையில் ஒரு 'பாரோயாரி' நாவல் என்று அறிவித்திருந்தது. தெரு மொத்தமும் சேர்ந்து நடத்தும் பூஜைக்கும் அதே பெயர்தான். பலர் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதும் நாவல். நான்கு பெயர்கள்: ஹிமாத்ரி, இரண்டு பழம்பெரும் எழுத்தாளர்கள், நான்காவதாக மாதுரிதி. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பார்த்தால் ஒரு பெரியவர் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில். இன்னொருவர் தாம் ஒப்புக்கொண்டதையே மறந்துவிட்டார். ஹிமாத்ரி ஒரு வரி எழுதவில்லை.

என் கடையில் வைத்துத்தான் பேச்சு நடந்தது.

"மாதுரி, நீதான் காப்பாத்தணும். நாலையும் நீயே எழுதிடு."

"ஹிமாத்ரிதா, உனக்குப் பைத்தியமா? ஒம்போது நாள்ல நான் எந்த உலகத்தைப் போய் உண்டாக்குவேன்?"

"உண்டாக்கணுமா? பதினோரு வருஷமா ஒண்ணு வச்சிருக்கியே."

ஹிமாத்ரி நாற்காலியை மாதுரிதி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு ஓரத்தை மட்டும் குடு. பூஜை மலரை யாரு பத்திரமா வச்சுக்கறா? அப்புறம் உன் புத்தகம் வரும்போது முன்னுரைல நானே எழுதறேன், இது முழுக்க மாதுரி சர்க்கேல் எழுதினதுன்னு. சேஷு சாட்சி. என்ன சேஷு?"

"சாட்சிதான்" என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

ஒன்பதாம் நாள் நான்கு அத்தியாயமும் என் கடைக்கு வந்தன. நான்கு பெயர், நான்கு விதமான நடை, ஒரே கையெழுத்து. இடுப்பு முறிந்தவரின் நீளமான வாக்கியம், மறதிக்காரரின் பழைய பாணி நகைச்சுவை எல்லாவற்றையும் அச்சு அசலாகக் கொண்டுவந்திருந்தார். ஹிமாத்ரிக்கென்று எழுதிய முதல் அத்தியாயம்தான் இருப்பதிலேயே உயர்ந்தது. "ஏன் தீதி, நல்லதை அவருக்குக் குடுத்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"முதல் அத்தியாயம்டா. ஊருக்குள்ள ஜனங்க முதல்ல நுழையற வாசல். அது நல்லா இருக்கணும்ல? யார் பேர் போட்டிருந்தா என்ன" என்றார்.

மலர் வெளிவந்தது. முதல் அத்தியாயத்தைத்தான் ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. அடுத்த வருஷம் ஹிமாத்ரி என் கடைக்கு வந்து, உல்காபத்துக்கு ஒரு ஆவணக் காப்பகம் ஏற்படுத்துவதாகவும், பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் வேண்டும் என்றும் கேட்டார். அலமாரியைத் துழாவித் தூசி தட்டி, பை போட்டு, நானே ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். என் முட்டாள்தனத்துக்கு இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

2016 புத்தகக் கண்காட்சியில் ஹிமாத்ரி பாலித்தின் நாவல் வந்தது. அந்த முதல் அத்தியாயம் வரிக்கு வரி அப்படியே. அதற்குப் பின்னால் சனிக்கிழமைகளில் கேட்டதையெல்லாம் அரைகுறையாக நிரப்பி இருநூறு பக்கம். முன்னுரையில் மாதுரி சர்க்கேல் என்ற பெயர் ஒரு இடத்தில் இருந்தது, பிழை திருத்தியதற்கு நன்றி என்று.

மாதுரிதி புத்தகத்தோடு நேராக ஹிமாத்ரி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஹிமாத்ரி தட்டில் சந்தேஷ் இனிப்பு வைத்து நீட்டினார்.

"கோவமா? மாதுரி, பதிப்பாளர் அவசரப்படுத்திட்டான். அதுவுமில்லாம உன் புத்தகத்துக்கு நான் வழி போட்டுக் குடுத்திருக்கேன், யோசிச்சுப் பாரு. இப்ப ஜனங்களுக்கு இந்த ஊர் தெரியும்."

"என் ஊர், ஹிமாத்ரிதா."

"அட, கதையில உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு? சனிக்கிழமை உக்காந்து எல்லாரும்தானே பேசினோம்?"

மாதுரிதி சந்தேஷைத் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம், "நீங்க உண்மையைச் சொல்லுங்க தீதி, எல்லாருக்கும் சொல்லுங்க" என்று நான் குதித்தேன்.

"சொன்னா அந்த ரெண்டு பெரியவங்க பேரும் நாறும். ஒருத்தர் செத்தே போயிட்டார். அவர் பொண்டாட்டி அந்த அத்தியாயத்தை அவர் கடைசியா எழுதினதுன்னு சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கா. நான் போய் அதை இறக்கவா?"

இரண்டு வருஷம் கழித்து மாதுரிதியின் முதல் பாகம் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வந்தது. நான்தான் அச்சுக் கோத்தேன். அப்படி ஒரு எழுத்தை இந்தக் கை அதற்கு முன்பும் கோத்ததில்லை, பின்பும் கோத்ததில்லை. 'அந்தரிக்‌ஷ்' விருதின் கடைசிச் சுற்றுக்கு அது போயிற்று. அதே சுற்றில் ஹிமாத்ரியின் நாவலும் இருந்தது. நடுவர் ஒருவர் மரியாதைக்காக மாதுரிதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்: கதையின் உலகம் ஹிமாத்ரி பாபுவுடையது என்பதால் கொஞ்சம் தயக்கம் இருந்ததாம், ஆனால் பெருந்தன்மையான மனிதர், தாமே முன்வந்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாராம். அதன் நகலையும் காட்டினார். "என் படைப்புலகத்தை என் தங்கை போன்ற மாதுரி பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை."

அன்றைக்குத்தான் மாதுரிதி என் கடைக்கு வந்து முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சேஷு, அந்த நாலு அத்தியாயம், என் கையால எழுதினது, உன்கிட்ட இருக்குல்ல?"

ஹிமாத்ரி காப்பகத்துக்கென்று வாங்கிப் போனதைச் சொன்னேன். ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "சரிடா, உனக்கென்ன தெரியும்" என்றார். திட்டாததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விருது ஹிமாத்ரிக்குத்தான். விழாவுக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். "போகலைன்னா பொறாமைம்பாங்க" என்று வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். சால்வை போட்டார்கள், சங்கு ஊதினார்கள், பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். ஹிமாத்ரி அழகாகப் பேசினார். பிறகு வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள்.

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி எழுந்தாள். பூஜை மலரில் வந்ததிலிருந்து அந்த முதல் அத்தியாயத்தைப் பத்து தடவை படித்திருக்கிறாளாம். "ஐயா, படகுக்காரங்க எந்த வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியும் இடது கையை மட்டும் தண்ணியில நனைச்சுக்கறாங்க. ஏன்னு புத்தகத்துல எங்கயும் வரலை. ஏன் ஐயா?"

ஹிமாத்ரி சிரித்தார். மைக்கைச் சரிசெய்தார். தண்ணீர் குடித்தார். அவருக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தில் வருவதற்காக மாதுரிதி வைத்திருந்தது அது; எந்தச் சனிக்கிழமையிலும் வாசிக்காதது, எனக்குக்கூடச் சொல்லாதது.

"அது வந்து... ஒரு சடங்குன்னு வச்சுக்கலாம். சுத்தம், சுகாதாரம்..." என்று ஆரம்பித்தார் ஹிமாத்ரி.

"இல்லை" என்று பக்கத்தில் குரல் கேட்டது. மாதுரிதி எழுந்து நின்றிருந்தார். "வெள்ளம் வந்த முதல் வருஷம், அம்மாக்கள் ஒரு கையில கயிறும் ஒரு கையில பிள்ளையுமா தொங்கினாங்க. ரெண்டையும் பிடிச்சுக்க முடியலை. கயித்தைப் பிடிச்சது வலது கை. பிள்ளையை விட்டது இடது கை. அப்படிப் பிழைச்சவங்களோட வம்சம்தான் இந்தப் படகுக்காரங்க. ஒரு குடும்பம் இருக்கிற வீட்டுக்குள்ள அந்தக் கையோட அப்படியே போக மாட்டாங்க."

கேள்வி கேட்ட பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஹிமாத்ரியின் குரல், மைக்கில், தேனாக.

"பாத்தீங்களா? என் புத்தகத்தை என்னைவிட நல்லாத் தெரிஞ்ச வாசகி. இது என் அடுத்த பாகத்துல வரப்போகுது. மாதுரி, நீ முன்னாடியே உடைச்சுட்டியே!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

வெளியே டாக்ஸி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தோம். "ஏன் தீதி எழுந்தீங்க? அவன் திண்டாடியிருப்பான். முழிச்சிருப்பான். ஊரே பாத்திருக்கும். உங்களுக்குக் கிடைச்ச ஒரே சந்தர்ப்பம் அது, அதையும் அவன் கையில குடுத்துட்டீங்களே!"

மாதுரிதி என்னைப் பார்க்கவில்லை.

"அவன் சுகாதாரம்னு சொன்னான்டா" என்றார். "அந்த அம்மாக்களைப் பத்தி. அதைக் கேட்டுக்கிட்டு என்னால எப்படி உக்கார முடியும்?"