பாறைத் தெருவில் அகப்பட்ட கார்

கார் ஓட்டும் சோதனையில் நான் மூன்று முறை கோட்டை விட்டவள். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. சிட்னியில் எங்களைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அண்ணை சொல்லி வைத்திருப்பார்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்லர். நானும் கணவரும் இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டுபோய் ஹோம்புஷ் ஃபிளாட்டில் இறக்கிவிட்டவர். மூன்று சோதனைக்கும் என்னைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவரும் அவர்தான். பிறகு நாங்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கியபோது, அடுத்த தெருவில் அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும், யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அண்ணையின் கார்தான். என் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டி வந்தபோது, கேட்காமலே வந்து வாசலில் நின்றார். இரண்டு வருடம் அப்படி ஏற்றி இறக்கினார். வழியெல்லாம் இருவரும் கிரிக்கெட்டும் அரசியலும் பேசிச் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைக்காகவே அப்பா செவ்வாய்க்கிழமையை எதிர்பார்த்திருப்பார்.

நல்ல மனிதர்தான். ஆனால் எந்த விருந்திலும் சாப்பாடு முடிந்ததும் என் சோதனைக் கதையை எடுத்துவிடுவார். சோதிக்க வந்த பெண் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டாளாம். முழுப் பொய். சபை விழுந்து விழுந்து சிரிக்கும், நானும் சேர்ந்து பல்லைக் காட்டுவேன். இருபது வருடமாக நன்றி சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனவளுக்கு வேறு என்ன வழி? உள்ளுக்குள் மட்டும், இந்த மனிதர் ஒருநாள் எங்கேயாவது போய் மாட்ட வேண்டும் என்று நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டினார். ஸ்பெயினில்.

மலைப்பாறைக்கு அடியில் வீடு கட்டியிருக்கும் ஒரு சின்ன ஊரை அக்கா எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு, போனால் அங்கேதான் போக வேண்டும் என்று நின்றார். இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோம். அப்பாவை எங்கள் மகள் பார்த்துக்கொள்வாள், அந்த இரண்டு கிழமைக்கும் ஆஸ்பத்திரிக்கு டாக்சி என்று ஏற்பாடு. அங்கே வாடகைக்கு எடுத்த காரைப் பார்த்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு பேருக்கு ஒரு சின்ன லொறி. அண்ணைக்குச் சின்னக் கார் ஓட்டினால் மதிப்புக் குறைந்துவிடும்.

ஊர் அழகுதான், அதை மறைக்க மாட்டேன். வீடுகளுக்கு முன்சுவர் மட்டும்தான் ஆட்கள் கட்டியது. கூரையும் பின்சுவரும் மலை. வெள்ளைச் சுவர், அதற்கு மேல் கறுத்த பாறை தெருவரைக்கும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சில இடங்களில் தெருவுக்கே பாறைதான் கூரை. வெளியே வெயில் கொளுத்த, அதற்குக் கீழே மேசை போட்டு ஆட்கள் குளிர்ச்சியாக இருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு மேலேயே கார் நிறுத்த இடம் இருந்தது. என் கணவர் அதைக் காட்டினார்.

"அண்ணை, இதிலை விட்டிட்டு நடப்பமே?"

"உமக்கென்ன விசரோ? அக்காவின்ரை முழங்காலை யோசிச்சுப் பாரும். இதைவிட ஒடுங்கின எத்தினை ஒழுங்கையிலை ஓடினனான்."

பாறைத் தெருவின் பாதியில் கார் மெதுவானது. நாங்கள் மூவரும் இறங்கி, முன்னும் பின்னும் நின்று வழி சொன்னோம். கொஞ்சத் தூரத்தில் சுவர் உள்ளே வளைந்து வந்தது. கார் முனகியது, பிறகு சுவரை உரசும் சத்தம் கேட்டது. பின்னுக்கு எடுத்தார், அந்தப் பக்கமும் உரசியது. இரண்டு பக்கக் கதவும் திறக்க இடமில்லை. கார் விடாமல் பீப் பீப் என்று கத்த, அண்ணைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடித்துக்கொண்டிருந்தவர்கள் மேசைகளை இழுத்து ஓரமாக்கினார்கள். ஒரு கிழவி வீட்டு வாசலில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

நான் போனை எடுத்தேன்.

இறைச்சிக் கடையிலிருந்து ஏப்ரனோடு ஒருவன் வந்தான். நிலைமையைப் பார்த்தான், பின்னுக்குப் போய் டிக்கியைத் திறந்தான், உள்ளே இருந்தவரை வா என்று கையைக் காட்டினான். அண்ணை திரும்ப இடமில்லாமல், சீட்டுகளுக்கு மேலால் பின்பக்கமாகவே ஊர்ந்து, காலை முதலில் வெளியே விட்டார். சட்டை மேலே போய் வயிறு தெரிந்தது. ஒரு சப்பாத்து கழன்று தெருவில் விழுந்தது. நான் கிட்டப் போய்ப் படம் பிடித்துக்கொண்டே சொன்னேன்:

"பாருங்கோ சனங்களே, அண்ணை பிறக்கிறார்! கால்தான் முதல் வருது!"

இறைச்சிக் கடைக்காரன் அதே வழியால் உள்ளே போய், காரை முன்னுக்கும் பின்னுக்குமாக ஐந்தாறு தரம் அசைத்து, அலுங்காமல் வெளியே எடுத்தான். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். வளைந்த அந்தச் சுவரின் மூலையை அப்போதுதான் கவனித்தேன். சிவப்பு, நீலம், சாம்பல் என்று எத்தனையோ கார்களின் பெயின்ட் அதில் தடம் தடமாக ஒட்டியிருந்தது. அதில் அகப்பட்ட முதல் ஆள் அண்ணை அல்லர். நூறாவது ஆளாகக்கூட இருக்க மாட்டார். அந்த மூலை படத்தில் விழாதபடி போனைத் திருப்பினேன். பெயின்டைக் கண்டால் யார் சிரிப்பார்கள்?

எனக்கு அப்படியொரு சந்தோசம். பிள்ளை பெற்றபோதுகூட இவ்வளவு சந்தோசப்பட்டேனோ தெரியாது. எங்கள் சிட்னி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்களுக்கு மத்தியானம், அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போனைத் தூக்கும் நேரம்.

பாறைக்குக் கீழே ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணையின் சட்டைப்பையில் போன் ஓயாமல் அடித்தது. அந்தக் குழுவில் அவரும் இருந்தார், அது எனக்குத் தெரியும். கணவர் மேசைக்குக் கீழே என் காலை இடித்தார்.

"அழிச்சுவிடும் அதை. இப்பவே அழிச்சுவிடும்."

போனைப் பார்த்தேன். சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒருத்தி, 'உன்ரை மூண்டு சோதனைக்கும் இது சரி' என்று எழுதியிருந்தாள். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். என் குரலும் என் சிரிப்பும் அந்தக் கடை முழுக்கக் கேட்டன. பிறகு இன்னொன்றை அழுத்தினார். என் அப்பாவின் குரல். மகள் அப்பாவுக்குப் படத்தைக் காட்டியிருக்கிறாள். அப்பா குழுவில் இல்லை, அண்ணைக்குத் தனியாகப் பேசி அனுப்பியிருந்தார். வாழ்க்கையில் அவர் அப்படி அனுப்பிய முதலாவது குரல் அதுதான். எந்த இடத்தை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும் என்று காருக்குள் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணை.

"தம்பி... கண்டனான், கண்டனான்..." சிரிப்பு. இருமல். திரும்பவும் சிரிப்பு. அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "ஐயோ தம்பி, இனிச் செவ்வாய்க்கிழமை என்னையும் டிக்கியிலையோ ஏத்தப் போறீர்?"

அண்ணை அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார்.

"ஐயா நல்லாச் சிரிக்கிறார்" என்றார். கார்ச் சாவியை என் கணவரின் பக்கம் தள்ளினார். "இனி நீர் ஓடும்."

கை கழுவும் இடத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு ஆசை தீர்ந்துதோ?"

"பகிடிக்குத்தானே அக்கா."

"ஓம், பகிடிதான்."

அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் அக்கா என்னோடு பேசவில்லை.

சிட்னிக்கு வந்த முதல் கிழமை, கண்ட இடத்தில் எல்லோரும் அண்ணையைக் கடித்துக் குதறினார்கள். "டிக்கியைத் திறந்து விடவோ அண்ணை?" என்று கோயிலில் வைத்தே கேட்டார்கள். பிறகு பரிதாபப்படத் தொடங்கினார்கள், அது இன்னும் மோசம். பாவம், வயசு போட்டுது, கண்ணும் தெரியாது போலை, வயசான ஆக்களை அவரோடை ஏத்தி விடப் பயமாக் கிடக்கு என்றார்கள். விமான நிலையத்துக்கு வேறு கார் பிடித்தார்கள். சுவரில் இருந்த பெயின்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரையில் இருந்தார். கார் வரவில்லை. அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இனி அவர் ஓடமாட்டாராம்.' அப்பாவுக்கு டாக்சி பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியில் அப்பாவுக்கு இனிப் பேச யாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துத் தன் சிரிப்பைத் தானே போட்டுப் போட்டுக் கேட்பார்.

"பிள்ளை, நான் சிரிச்சது கூடிப்போச்சோ?"

"இல்லையப்பா."

"அவரை ஒருக்கா வரச்சொல்லு. ஒரு சொல் சொல்லவேணும்."

"அவர் மெல்பேர்னிலை, மகளோடை நிக்கிறார். வரட்டும், சொல்லுறன்."

அண்ணை அடுத்த தெருவில்தான் இருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். வந்தால் அப்பாவுக்கு முன்னால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அது எனக்கு முடியாது. அப்பா அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு மறுகுவதைப் பார்க்கவும் முடியாமல், அவர் தூங்கும்போது போனிலிருந்து அதை அழித்துவிட்டேன். எழும்பித் தேடினார். போன் பழுதாகிப்போச்சு என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். என் பொய்யில் அடுத்த பத்து மாதமும் அண்ணை மெல்பேர்னிலேயே நின்றார். அப்பா கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

தகனம் லிட்கம் பக்கத்து மயானத்தில் நடந்தது. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், வியர்த்து விறுவிறுக்க அண்ணை நின்றார். காரை விற்றுவிட்டாராம். ரயிலில் வந்து, ஸ்டேஷனில் இருந்து நடந்து வந்திருக்கிறார். இருபத்தைந்து வருடமாக ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரை ஏற்றிவர ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. குரல் இல்லை. எங்கள் கலியாண வீடியோவில்கூட வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அண்ணை, அப்பாவின்ரை அந்தக் குரல்... உங்களிட்டைக் கிடக்கோ?"

"கிடக்கு."

"எனக்கு அனுப்பிவிடுவீங்களோ?"

கண்ணாடியைப் போட்டார். போனை எடுத்தார், விரலால் தேடினார், கண்டும் பிடித்துவிட்டார். அனுப்புவதற்கு முதல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா என்னைத் தேடினவரோ?"

ஓம் என்றால், பிறகு ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பார். பத்து மாதப் பொய்யையும் அந்த இடத்தில் வைத்து அவிழ்க்க வேண்டும்.

"இல்லை அண்ணை."

தலையை ஆட்டினார். போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். எங்கடை காரிலை ஏறுங்கோ, இவர் கொண்டுபோய் விடுவார் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அப்பாவின் சிரிப்பு அடுத்த தெருவில் இருக்கிறது. நடந்தால் ஐந்து நிமிடம். ஓம், தேடினவர் என்று சொன்னால் தருவார். நான் இன்னும் போகவில்லை.