மிட்டாய் கொடுக்காத நாள்

அந்த பஸ் டிரைவருக்கு மிட்டாய்க்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் சலசலக்கும். "பிரேக் பிடிக்க மறந்தாலும் மறப்பீங்க, இதை மறக்க மாட்டீங்க," என்று கண்டக்டர் வாரிவிடுவார்.

மிட்டாயெல்லாம் எட்டு வயது மகளுக்கு. காலையில் எழுந்ததும் தள்ளாடுவாள், உளறுவாள். சில நாள் கைகால் இழுத்துக்கொள்ளும். வலிப்பு என்று கொடுத்த மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. தள்ளாடும்போதே அப்பா ஒரு மிட்டாயைக் கொடுத்தால் தெளிந்துவிடுவாள். அதில் மனிதருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குக் கணையத்தின் மேல் சந்தேகம். அங்கே ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்துகொண்டு இன்சுலினை வாரி இறைத்து, ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிடலாம். குழந்தைகளுக்கு வருவது ரொம்ப அபூர்வம்.

"சாப்பிடாம வெச்சு, சர்க்கரை இறங்குற நேரத்துல ரத்தம் எடுக்கணும். அப்பவும் இன்சுலின் கூடுதலா இருந்தாத்தான் உறுதியாகும். உறுதியாகாம குழந்தை வயித்துல கத்தி வைக்க மாட்டேன்."

பட்டினி போட்டார்கள். சர்க்கரை இறங்குவேனா என்றது. டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டார். படுக்கை விரிப்பை உதறிய நர்ஸின் காலடியில் விழுந்தது ஒரு மிட்டாய்த் தாள். நர்ஸ் அதை எடுத்து மிட்டாய்க்காரரிடம் நீட்டினார்.

"இதுக்குப் பேரு பாசமா? ஒருநாள் தூக்கத்துலயே சர்க்கரை இறங்கி மூளை கெட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

மிட்டாய்க்காரர் சட்டைப் பையைக் கவிழ்த்து மேஜையில் கொட்டினார்.

"மறுபடியும் பட்டினி போடுங்க சிஸ்டர்."

"இந்தத் தடவை நீங்க வெளியில இருங்க."

"நான் இல்லன்னா பயந்துடுவா. தரமாட்டேன். இது சத்தியம்."

மறுபடியும் பட்டினி. மகள் கெஞ்ச ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணுப்பா."

"இல்லடா கண்ணு."

"அப்ப உங்ககூட காய்!" சுண்டுவிரலைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

பெற்ற வயிறு மட்டும்தான் பற்றி எரியும் என்று யார் சொன்னது? கைகளைத் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்திருந்தார். நர்ஸ் மளமளவென்று ரத்தம் எடுத்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றினார். மகளுக்கு நினைவு தெளிந்தது. அப்பாவை அடையாளம் தெரிந்தது. பேசத்தான் இல்லை.

ரத்தத்தில் இன்சுலின் எகிறியிருந்தது. பிறகு எடுத்த நுணுக்கமான ஸ்கேனில் கட்டி இருந்த இடமும் அகப்பட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அவள் அப்பா பக்கம் திரும்பவில்லை. பிடிவாதத்தில் அவரை உரித்து வைத்த பிள்ளை.

பட்டாணி அளவுக் கட்டியை எடுத்தார்கள். அடுத்த நாள் காலை சர்க்கரையைப் பார்த்த நர்ஸ், "நல்லா நிக்குது," என்று சிரித்தார். மிட்டாய்க்காரர் கட்டிலருகே குனிந்தார்.

"நான் யாருன்னு தெரியுதாடா?"

குழாய் போட்டிருந்த தொண்டை வலியில் அவளுக்குப் பேச வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே எடுத்தாள். இரண்டு விரல்கள் நீண்டிருந்தன.

பழம்.